ரெட்டைப் புள்ளக்காரி

எனக்கு வயது எண்பத்து நான்கு. பெற்றது ஐந்து, வளர்த்தது நான்கு. மூத்தது பெண், அடுத்து இரண்டு பையன்கள், கடைசியாக ஒரே பிரசவத்தில் இரண்டு பெண்கள். அந்த இரண்டில் ஒன்றைத்தான் நான் வளர்க்கவில்லை. ஆறு வயதில் போய்விட்டது. போனதை நான் ஊருக்குச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவளுக்கும் சொல்லவில்லை. இன்றைக்கு அவள் வீட்டில்தான் இருக்கிறேன், அவள் போடுகிற சோற்றைத்தான் தின்கிறேன். "உன் கூடப் பிறந்தவள் செத்துப்போனாள்" என்ற ஒரு பேச்சு இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து அவள் காதுக்குப் போகவில்லை. வாய்க்கு வராதது கைக்காவது வருமா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

எழுத்து எனக்கு நரை விழுந்த பிறகு வந்தது. பேத்தி பாதியில் விட்ட நோட்டில் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. எழுதிவிடுவேன், எழுதினதைத் திரும்ப வாசிக்கத்தான் தடுமாறும். அவசரம் ஒன்றும் இல்லை. நான் எந்த வேலையையும் அவசரமாகச் செய்தவள் இல்லை. சுளுக்கை அவசரப்பட்டு நீவினால் நரம்பு இன்னொரு பக்கம் போய் முறுக்கிக்கொள்ளும்.

எங்கள் வீடு பென்னாகரத்துக்குக் கிழக்கே, நடந்தால் ஒரு மணி நேரம். மானாவாரிக் காடு இரண்டு ஏக்கர். ராகி போடுவோம், ஓரத்தில் ஆமணக்கு. பெரிய குடித்தனம் இல்லை. ஆனாலும் 'ங்க' போடாமல் எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. என் வீட்டுக்காரர் புளி உலுக்க மரம் ஏறினவர் கிளை முறிந்து விழுந்தார். இரட்டைகளுக்கு அப்போது ஒரு வயது. இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. எலும்பு கட்டுகிறவர் வந்து பார்த்துவிட்டு, "நீவி வுட்டுக்கிட்டே இரும்மா, ரத்தம் ஓடட்டும்" என்று சொல்லிப் போனார். வேறு என்ன சொல்வார்.

இரண்டு வருஷம் நீவினேன். காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கும் முன்னால் ஒரு தடவை. விளக்கெண்ணெயைச் சுடவைத்து, உள்ளங்கையில் தேய்த்து, கழுத்திலிருந்து குதிகால் வரைக்கும். எந்த நரம்பு எங்கே கிளம்பி எங்கே போகிறது, தோள்பட்டையில் ஒரு முடிச்சை அழுத்தினால் சுண்டுவிரல் ஏன் வெடுக்கென்று இழுக்கிறது, எல்லாம் அவர் உடம்பில் தெரிந்துகொண்டதுதான். தொடையை அழுத்தி, "வலிக்குதுங்களா?" என்று கேட்பேன். "வலிச்சா நல்லாருக்கும்" என்பார். இரட்டைகளுக்கு மூன்று வயதானபோது அவர் போனார்.

அந்த வருஷம் மழை இல்லை, அதற்கு முந்தின வருஷமும் இல்லை. ஐந்து பிள்ளைகள், மாமியார், நான். குதிரில் கையை விட்டால் அடி மண் தட்டுப்பட்டது. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலை. சந்தையில் போய் உட்கார்ந்து சுளுக்கு நீவுகிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன்.

"அடுத்தவன் காலைப் புடிச்சுப் பொழைக்கப் போறியா?" என்றார்.

"காலைப் புடிக்கலைங்க அத்தை. சுளுக்கைப் புடிக்கப் போறேன்."

"ரெண்டையும் குனிஞ்சுதானடி செய்யணும்."

எனக்குச் சுருக்கென்றது. மூத்தவளை வீட்டில் விட்டு, பையன்களை மாடு மேய்க்க அனுப்பி, இரட்டைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு எண்ணெய்க் கலயத்தோடு பென்னாகரம் சந்தைக்குப் போனேன்.

சந்தையில் என் போல உடம்பு பார்க்கிறவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது. சித்தேரி மலையிலிருந்து கரடிக் கொழுப்பு கொண்டுவருகிறவர் ஒருவர். குப்பியைத் தூக்கிக் காட்டினாலே கூட்டம் சேரும். ஆட்டுச் சந்தைப் பக்கம் இன்னொருவர். அவரைக் கால்காரர் என்பார்கள். தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் காலால் மூன்று தடவை தொட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர் எண்ணெய்கூடத் தொடமாட்டார். கட்டிலில் உட்கார்ந்தபடி வலது காலை நீட்டுவார், இடுப்புப் பிடித்தவர்கள் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

நான் மூன்று சந்தை நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் சந்தையில் ஒரு வண்டிக்காரர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார்.

"உங்கிட்ட என்னாம்மா இருக்குது?"

"கை இருக்குதுங்க."

"கை எனக்குந்தான் இருக்குது. அவர்கிட்ட கரடி இருக்குது, இவரு காலால பொறந்தாரு. உனக்குன்னு என்னா?"

இரண்டு வருஷம் ஒரு மனுஷனை நீவினேன், அவர் பிழைக்கவில்லை என்றா சொல்வது? வண்டிக்காரர் கால்காரரிடம் போய் உதை வாங்கிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் பக்கத்தில் வளையல் கடை போட்டிருந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ். வாய் மட்டும் இரண்டு பேருக்கு இருக்கும். என் இரண்டு பக்கமும் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காட்டி, "ஏம்மா, ரெண்டும் ஒண்ணாப் பொறந்ததா?" என்றாள்.

"ஆமாங்க."

"அடிப் பைத்தியமே! இதை மடியில வெச்சிக்கிட்டா சும்மா குந்தியிருக்க?" என்று எழுந்து நின்றாள். நான் தடுப்பதற்குள் சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "ரெட்டைப் புள்ளக்காரி வந்திருக்கறா! ரெட்டைப் புள்ளக்காரி! சுளுக்கு, புடிப்பு, கழுத்து திரும்பாதவங்க எல்லாம் வாங்க!"

இரட்டை சம்பந்தப்பட்ட கைக்குச் சுளுக்கு கேட்கும் என்று நானும் சின்ன வயதில் கேள்விப்பட்டதுதான். அதற்கு முறை என்ன என்று யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை. வளையல்காரம்மா வாயில் என்ன வந்ததோ அதுதான் எனக்குப் பேரானது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஏழு பேர் வந்தார்கள். ஒரு முறம் ராகி, அரை முறம் சாமை, ஒரு புடலங்காய். மாமியார் ராகியை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "புதுசுதான்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சந்தையிலிருந்து நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முன்னால் பிறந்தவளுக்குச் சிவப்புப் பாவாடை, பின்னால் பிறந்தவளுக்குப் பச்சைப் பாவாடை தைத்தேன். வருகிறவர்கள் பார்த்ததும் ஒரே முகம் இரண்டு என்று தெரிய வேண்டும், அதே நேரம் இரண்டும் வேறு என்றும் தெரிய வேண்டும். கூடவே ஒரு வழக்கமும் சேர்த்தேன். நீவ ஆரம்பிக்கும் முன்னால் முன்னவளை என் வலது பக்கம் நிறுத்துவேன், பின்னவளை இடது பக்கம். இரண்டு தலையிலும் கையை வைத்துக் கண்ணை மூடி, அப்புறம்தான் எண்ணெயைத் தொடுவேன். அப்படிச் செய்யச் சொல்லி எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகச் சேர்த்தது. கால்காரருக்கு மூன்று உதை இருந்த மாதிரி எனக்கும் ஒன்று வேண்டும் என்று பட்டது. ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்தது. கையை வைக்காமல் ஒரு நாள் ஆரம்பித்துவிட்டால், "அம்மா, புள்ளைங்க தலை?" என்று அவர்களே ஞாபகப்படுத்துவார்கள்.

பேர் பரவினது. கன்னடக்காரர்கள்கூட வந்தார்கள். ஒரு மாட்டு வியாபாரி முதுகை நீவும்போது, "சாக்கம்மா, சாக்கு, சாக்கு!" என்று கத்தினார். கீழே விரிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "அந்தச் சாக்கை எடு கண்ணு" என்று பின்னவளிடம் சொன்னேன். அது ஓடிப்போய்த் தவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டியது. அவர் சாக்கைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். வளையல்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "போதும்னு சொல்றாருடி! அவங்க பாஷையில சாக்குன்னா போதும்னு அர்த்தம்! மனுசன் உசிரு போவுதுன்னு கத்துறாரு, நீ கோணி குடுக்கிற!" பின்னவளுக்கு அதற்கப்புறம் அது விளையாட்டாகிவிட்டது. களி வட்டிலில் இன்னொரு உருண்டை வைக்கப் போனால் "சாக்கு, சாக்கு" என்பாள். அந்தப் பிள்ளை பேசினதில் எனக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சந்தான். அதில் இது ஒன்று.

மூன்று வருஷம் போனது. உலகத்தில் சண்டை நடக்கிறது, பர்மா அரிசி இனி வராது என்றெல்லாம் சந்தையில் பேசினார்கள். நாங்கள் அரிசி தின்கிறவர்கள் இல்லை, அதனால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அந்த ஆடியில் என் அண்ணன் வீட்டுக்கு இரட்டைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் ஊர் வத்தல்மலை அடிவாரம். எங்கள் ஊரிலிருந்து கட்டைவண்டியில் ஒன்றரை நாள். போன இரண்டாம் நாள் பின்னவளுக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. அடிவாரத்தில் அது எல்லாருக்கும் வரும், போகும். பல் தட்டத் தட்ட ஒரு மணி நேரம் உதறும், அப்புறம் வியர்த்து இறங்கிவிடும், பிள்ளை எழுந்து விளையாடும்.

சந்தை நாள் நெருங்கிவிட்டது. பக்கத்து ஊர்ப் பெரிய பண்ணைக்காரர் வீட்டு அம்மாவுக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்டு, அந்தச் சந்தைக்கு வண்டி கட்டி வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்து ஒரு மூட்டை வந்தால் கார்த்திகை வரைக்கும் கவலை இல்லை. அண்ணியிடம், "நாலு நாள்ல வந்துடறேன் அண்ணி, பார்த்துக்குங்க" என்று சொன்னேன். முன்னவளை மட்டும் கூட்டிக்கொண்டு வண்டி ஏறினேன். பின்னவள் போர்வைக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். அன்றைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. இறங்கியிருந்தது என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாயிற்று.

சந்தையில் பண்ணைக்காரம்மா காலை என் மடியில் வைத்திருந்தேன். முன்னவளை வலது பக்கம் நிறுத்தி, இடது பக்கம் காலியாக விட்டு, "இன்னொண்ணு மாமன் வூட்டுல இருக்குதுங்க" என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அப்போது அது உண்மையென்று நினைத்துத்தான் சொன்னேன். பாதி நீவும்போது தலை நிமிர்ந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நடந்தே வந்திருக்கிறார், முழங்கால் வரைக்கும் புழுதி. என்னிடம் வராமல் அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"கெளம்பும்மா."

"பின்னவளுக்கா?"

"நேத்து விடியக்காலம். வெச்சிருக்க முடியல. உச்சிப்பொழுதுக்கே எடுத்துட்டோம்."

என் கை நின்றுவிட்டது போலிருக்கிறது. பண்ணைக்காரம்மா எழுந்து உட்கார்ந்து, "என்னாம்மா? ஆருங்க அவரு? ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்று கேட்டார். சுற்றிலும் இருபது பேர். வளையல்காரம்மாவும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள். முன்னவள் மாமனைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா வர்லையா மாமா?" என்கிறாள்.

அந்த ஒரு நொடியில் நான் பிள்ளையை நினைக்கவில்லை. இதை எப்படி எழுதினாலும் எழுத்து கூசுகிறது. நான் என் பேரை நினைத்தேன். ரெட்டைப் புள்ளக்காரி. இனி நான் ஒற்றைப் புள்ளக்காரி, என் கை வெறுங்கை, இந்த அம்மா காலை இழுத்துக்கொள்வார், அடுத்த சந்தையில் யாரும் வரமாட்டார்கள், வீட்டில் நாலு வாய் இருக்கிறது. இவ்வளவும் அந்த ஒரு நொடியில் ஓடினது.

"எங்கண்ணனுங்க. சும்மா பார்த்துட்டுப் போக வந்திருக்காரு" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லமாட்டேன். நான் குனிந்து அந்தக் காலை முழுக்க நீவி முடித்தேன். ஒழுங்காகத்தான் நீவினேன். பண்ணைக்காரம்மா எழுந்து நாலு எட்டு நடந்து பார்த்து, "லேசாயிடுச்சும்மா" என்றார்.

மறுநாள் அண்ணன் ஊருக்குப் போனேன், முன்னவளை மாமியாரிடம் விட்டுவிட்டு. ஆமணக்குக் கொல்லை ஓரத்தில் ஒரு சின்ன மேடு, மேலே முள் போட்டிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்ததும் தலையை அவிழ்த்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார்கள். நான் அவர்கள் கையை எடுத்துவிட்டேன். "அழுவாதீங்க. யாரும் அழுவக்கூடாது. வெளியிலேயும் சொல்லக்கூடாது" என்றேன். ஒருத்தி விலகி நின்று, "கல்லுடி இவ" என்றாள்.

அண்ணி வீட்டுக்குள் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள். "காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து வாங்கத் தருமபுரி வரைக்கும் உங்கண்ணன் நடந்தாரு. சண்டையில அதுவும் வர்றதில்லையாம், இல்லைன்னுட்டாங்க. கடைசி நாள் நல்லாத்தான் பேசினா. அம்மா எங்கன்னு கேட்டா. சந்தைக்குன்னு சொன்னேன்." அப்புறம் சொன்னாள். "'நான் இங்க இருக்கறனே, எடது பக்கம் யாரு நிப்பா?'ன்னு கேட்டுச்சு."

நான் அழவில்லை. அழ ஆரம்பித்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் வண்டிக்காரர்கள் கேட்பார்கள், வண்டிக்காரர்கள் எங்கள் சந்தைக்கும் போகிறவர்கள். பிள்ளை செத்த வீட்டில் இப்படிக் கணக்குப் பார்த்த தாய் வேறு எங்காவது இருப்பாளா, தெரியவில்லை.

வீட்டில் மாமியாருக்கு மட்டும் சொன்னேன். அவர் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் எழுந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஊரைக் கூப்புட்டு அழுதுடுடி. பொம்பளைங்க வந்து சுத்தி உக்காரட்டும். பத்து நாள் கழிச்சு எது வேணா பண்ணிக்கோ."

"பத்து நாள் கழிச்சு ராகி நீங்க குடுப்பீங்களா அத்தை?"

அந்த வருஷமே மாமியாரும் போய்ச்சேர்ந்தார். அவர் மடியில்தான் இரண்டும் வளர்ந்தன. நான் அவரைக் கேட்டது மன்னிக்கிற கேள்வி இல்லை.

முன்னவளிடம், "பாப்பா மாமன் வூட்டுல இருக்கா" என்று சொன்னேன். "எப்ப வருவா?" "வருவா." "கூட்டியாரப் போலாமா?" "போலாம்." சந்தையிலும் இதையேதான் சொன்னேன். எத்தனை நாளைக்குச் சொல்வது? தை பிறந்ததும் ஒருவர் கேட்டார், "என்னாம்மா, ரெட்டையில ஒண்ணைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிற?" அதற்கு அடுத்த சந்தையில் பச்சைப் பாவாடையையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனேன். காலையில் வந்தவர்களுக்குச் சிவப்புப் பாவாடை. வெயில் ஏறின பிறகு அவளை ஓலைத்தட்டி மறைவுக்குக் கூட்டிப்போய்ப் பச்சைப் பாவாடை கட்டி, "நீ இப்ப பாப்பா. பேர் கேட்டா பாப்பா பேரைச் சொல்லணும்" என்றேன். அவள் மறுக்கவில்லை. ரொம்ப ஒழுங்காகச் செய்தாள். சிவப்புக் கட்டினால் என் வலது பக்கம், பச்சை கட்டினால் இடது பக்கம். இடது பக்கம் நிற்கும்போது பின்னவள் மாதிரியே தலையை ஒருக்களித்துக்கொள்வாள். அதை நான் சொல்லித்தரவில்லை.

பிறகு பிறகு காலையில் எழுந்ததுமே கேட்க ஆரம்பித்தாள். "இன்னைக்கு நான் யாரும்மா?"

இரண்டு வருஷம் இப்படி நடந்தது. வளையல்காரம்மா பண்டிகைக்கு இரண்டு ஜோடி வளையல் கொடுத்தாள், "ஒண்ணு இதுக்கு, ஒண்ணு அதுக்கு" என்று. கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைக்கூட ஏய்த்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன், கர்வந்தான். பிள்ளை வளர்ந்து பாவாடை பத்தாமல் போனதும் அந்த வேஷம் தானாக நின்றது. அதற்குள் என் பேர் நிலைத்துவிட்டிருந்தது. தலையில் கை வைக்க ஒருத்தி போதும் என்று ஜனங்களும் ஒத்துக்கொண்டார்கள்.

முன்னவளுக்குப் பதினொன்று ஆனபோது அண்ணன் வீட்டில் கல்யாணம். என்னால் போகாமல் இருக்க முடியவில்லை. அங்கே அண்ணன் பிள்ளைகள் அவளை அந்த ஆமணக்குக் கொல்லைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். திரும்பி வந்தவள் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வண்டியில் வரும்போது தூங்கினாள். ஒன்றுமே கேட்கவில்லை. அடுத்த சந்தை நாள் காலையில் எண்ணெய்க் கலயத்தை எடுத்து வைத்துவிட்டு, "கெளம்பு கண்ணு" என்றேன்.

"நான் வர்ல."

"ஏன்?"

"நான் ஒருத்திதான்."

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உட்காரவைத்து, ஆமாம் கண்ணு, இப்படி ஆயிற்று, உன்னிடம் மறைத்தது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். பதினொரு வயதுப் பிள்ளையிடம் தலைகுனிய எனக்கு மனசு வரவில்லை. எண்ணெய்க் கலயத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

சுதந்திரம் வந்து சந்தை வாசலில் கொடி ஏற்றினார்களே, அதற்கு அடுத்த வருஷம். கால்காரருக்கு முட்டி இரண்டும் பூட்டிக்கொண்டது. அவர் கட்டிலோடு அவரைத் தூக்கிவந்து என் பக்கத்தில் வைத்தார்கள். சந்தை கலைகிற நேரம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஊருக்கெல்லாம் கால் நீட்டுனீங்க. இப்ப எங்கிட்ட நீட்டுறீங்களா?"

"என் காலை நானே எப்படி ஒதைச்சிக்கறது? நீவி வுடும்மா" என்றார்.

அவர் முட்டியில் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அந்தச் சின்னது போய் ஆறு வருசம் இருக்குமாம்மா?"

"எந்தச் சின்னது?"

"பச்சைப் பாவாடை."

"யார் சொன்னாங்க?"

"உங்கண்ணன் வந்து நின்னாரே, அந்தச் சந்தையிலயே தெரியும். அடுத்த வாரம் அடிவாரத்து வண்டிக்காரங்க வந்து சொன்னாங்க. வளையல்காரிக்குத் தெரியும், கரடிக்காரனுக்குத் தெரியும். சந்தைக்கே தெரியும். அன்னைக்கு உன்னைக் கட்டிக்கிட்டு அழுவறதுக்கு அந்த வளையல்காரி நாலு பொம்பளைங்களைச் சேர்த்து வெச்சிருந்தா. நீ வந்து மாமன் வூட்டுல இருக்குதுன்ன. நீ சொல்லாததை நாங்க எப்படிக் கேக்கறது?"

"தெரிஞ்சுமா எங்கிட்ட வந்தாங்க?"

"ஏன் வரக்கூடாது?"

"ரெட்டையில ஒண்ணு போயிட்டா கைக்கு ஒண்ணும் இருக்காதே."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "யாரும்மா உனக்கு அப்படிச் சொன்னது? ரெட்டை பெத்த கைதான் கணக்கு. ரெட்டை இருக்கற கையா கணக்கு? பெத்தது பெத்ததுதானே, அது எங்க போவும்? நான் காலால பொறந்தவன். இன்னைக்கு என் கால் நடக்கல. அதுக்காவ நான் தலையால பொறந்தவன்னு ஆயிடுவேனா?"

பெத்தவ. புள்ளக்காரி. ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாமல் போயிற்று. தெலுங்கு பேசுகிறவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவள்மேல் தப்பில்லை. அவளும் பெற்றவளைத்தான் நினைத்துச் சொல்லியிருப்பாள். நான் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் என்று ஆகிவிடும். தெரிந்தவள் மாதிரி தலையில் கை வைப்பதையும் சேர்த்துவிட்டு, அதை நானே நம்பியும்விட்டேன். அன்றைக்கு நடுச்சந்தையில் எண்ணெய்க் கையோடு தலையில் அடித்துக்கொண்டு அழுதிருந்தால்கூட ஒருவரும் காலை இழுத்துக்கொண்டிருக்கமாட்டார்கள். என் பிள்ளைக்கு இரண்டு ஊர் அழுதிருக்கும்.

"உன் கை நல்ல கைம்மா" என்றார் கால்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "அதை மட்டும் சொல்லி உக்காந்திருந்தாலே போதும்." அது ஆறுதலுக்குச் சொன்னது. மூன்று சந்தை நாள் அந்த நல்ல கையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

அன்றைக்கு வழியில் ஆள் இல்லாத இடத்தில் நின்று அழுது பார்த்தேன். ஒப்பாரிச் சொல் எல்லாம் எனக்குத் தெரியும், எத்தனையோ சாவு வீட்டில் நான் எடுத்துக்கொடுத்திருக்கிறேன். சொல் வந்தது, சத்தம் வரவில்லை. ஆறு வருஷம் அடக்கி வைத்தது அடங்கினதுதான். இன்று வரைக்கும் அது வரவில்லை. இரண்டு பையன்களும் போய்ச் சேர்ந்தார்கள், அவர்களுக்கும் கண்ணீர் வரவில்லை. பார்க்கிறவர்கள் கிழவி திடமாக இருக்கிறாள் என்கிறார்கள்.

முன்னவள் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறாள். வெந்நீர் போடுகிறாள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாள். ஒன்றே ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடத் தன் உடம்பை என் கையில் கொடுத்ததில்லை. பிள்ளை பெற்றபோது குளிப்பாட்டி உருவிவிட வெளியிலிருந்து ஒருத்தியைக் கூப்பிட்டாள், நான் அதே வீட்டில் இருந்தேன். போன மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். "வா கண்ணு, நீவி வுடறேன்" என்றேன். "வேணாம்மா, மாத்திரை இருக்குது" என்றாள். சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிடித்துக்கொண்டு ஏறிவர அது ஒரு கயிறாக இருந்திருக்கும்.

அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லி அவள் கேட்டது இல்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். உன் கூடப் பிறந்தவள் செத்துப்போனாள். உன்னிடம் மறைத்தேன். அவள் பாவாடையை உனக்குக் கட்டி உன்னை இரண்டு பேராக நிறுத்தினேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

பேத்தி இப்போதுதான் காலேஜிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறாள். வா சாமி, இப்படி உட்கார். இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டு. பிழை இருந்தால் திருத்தாதே, இருக்கிறபடியே படி. உங்கம்மா அடுப்படியில் இருக்கிறாள், அவளுக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படி. நடுவில் அவள் எழுந்து வெளியே போனால் போகட்டும், நீ நிறுத்தாமல் படி.